கப்பலுக்குள் ஒரு வளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பயணப் பக்கத்தில் சொகுசுக் கப்பல்களைப் பற்றி வந்த கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு 84 வயது, கண் மங்கிவிட்டது, ஆனாலும் பேப்பரில் கப்பல் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் கடைசி வரி வரை வாசிக்கச் சொல்வாள். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும், சூட் என்கிற உயர்வகுப்பு அறை எடுத்தால் பெரிய இடமும் கூப்பிட்ட குரலுக்கு பட்லர் என்று ஒரு பணியாளும் கிடைக்கும், மற்றபடி எல்லாக் கப்பலும் ஒன்றுதான் என்ற மாதிரி எழுதியிருந்தது. "நிறுத்து, அது தப்பு, எழுதிப் போடு" என்றாள் அம்மா. எனக்கும் தப்பு என்றுதான் பட்டது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், பாளையங்கோட்டையில் இருக்கிறேன். மகன் சிங்கப்பூரில், மகள் மயாமிப் பக்கம். பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு கப்பல் என்று 2013-ல் ஆரம்பித்தது, இதுவரை 14 பயணம் ஆகிவிட்டது. ஜன்னலே இல்லாத உள் அறையில் போயிருக்கிறேன், பால்கனி அறையில் போயிருக்கிறேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு ஆறு தடவை சூட். பாதிப் பணம் பிள்ளைகள், பாதி நான். எனக்கு நகையில் ஆசை இல்லை, கடலில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் வளவு என்று ஒன்று உண்டு, திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெருவில் இருந்து பார்த்தால் ஒரே ஒரு வாசல், உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள், நடுவில் பொது முற்றம், ஒரு கிணறு. யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், குழந்தை எந்த வீட்டில் சாப்பிட்டாலும் சரிதான், கிழவிக்குக் காலில் அடிபட்டால் நாலு பேர் ஓடி வருவார்கள். கப்பலில் நல்ல சூட் பகுதி என்றால் அது வளவு மாதிரி இருக்க வேண்டும். ஒரு கதவு, அதற்குள் அறை, உட்கார இடம், சாப்பிட இடம், நீச்சல் குளம், உதவிக்கு ஆள், எல்லாம் சில பத்து அடிக்குள். அப்படி இல்லாமல் வீடு ஒரு தெருவில், முற்றம் வேறு தெருவில், அடுப்பு மூன்றாவது தெருவில் என்று இருந்தால், அறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது வளவு இல்லை. கப்பலுக்குக் கப்பல் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

நார்வீஜியன் கம்பெனிக்காரர்கள் தங்கள் சூட் பகுதிக்கு ஹேவன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2016-ல் மகளோடு மயாமியில் இருந்து எஸ்கேப் கப்பலில் போனபோது முதல் தடவை அதற்குள் நுழைந்தேன். கப்பலின் முன்பக்கம், மேல் தளம். கார்டைக் காட்டினால் கதவு திறக்கிறது, உள்ளே நடு முற்றத்தில் நீச்சல் குளம், மேலே திறந்து மூடும் கூரை, சுற்றிலும் அறைகள். அச்சு அசலாக வளவு. எனக்கு ஆச்சி வீடு ஞாபகம் வந்துவிட்டது. அதே கம்பெனி 2022-ல் பிரைமா என்ற கப்பலை இறக்கியபோது ஹேவனை முன்பக்கத்தில் இருந்து எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டது. தனி லிஃப்ட், பின்னால் கப்பல் கிழித்துவிட்டுப் போகும் வெள்ளை நுரையைப் பார்த்தபடி குளம். முற்றம் என்ற அமைப்பு போய்விட்டது, பதிலுக்கு லிஃப்ட் வந்தது. என்னைக் கேட்டால் முற்றம்தான் அழகு, அம்மாவைக் கேட்டால் லிஃப்ட்தான் முக்கியம் என்பாள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

இந்தக் "கப்பலுக்குள் கப்பல்" யோசனையை நன்றாகச் செய்தது எம்எஸ்சி கம்பெனி. 2008-ல் ஃபான்டேசியா கப்பலில் யாட் கிளப் என்று தொடங்கினார்கள். முன்பக்கம் கண்ணாடி போட்ட பெரிய லவுஞ்ச், கேப்டன் பார்க்கிற கடலை நாமும் பார்க்கலாம். பட்லர், தனி வரவேற்பு மேஜை, குடிப்பதற்கு அநேகமாக எல்லாமே கட்டணத்தில் அடக்கம். ஆனால் அந்த வகைக் கப்பல்களில் யாட் கிளப் உணவகம் மட்டும் கப்பலின் மறு கோடியில் இருக்கிறது. 2017-ல் இருந்து வந்த மெராவிலியா, சீசைடு வகைகளில் அதையும் உள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டும் வேறு வேறு கப்பல். இன்னொன்றும் சொல்ல வேண்டும், புதிய கப்பல்கள் சிலவற்றில் யாட் கிளப்புக்குள்ளேயே ஜன்னல் இல்லாத சின்ன அறைகள் இருக்கின்றன. பால்கனிக்குப் பணம் கொடுக்காமல் வளவுக்குள் குடியேறலாம். பகல் முழுதும் லவுஞ்சிலும் குளத்தடியிலும் இருப்பவர்களுக்கு, தூங்குவதற்கு மட்டும் எதற்கு ஜன்னல்? கட்டுரையில் இதைச் சொல்லியிருந்தால் நாலு பேருக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

ராயல் கரீபியன் கதை வேறு. 2016-ல் சூட்களை சீ, ஸ்கை, ஸ்டார் என்று மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். ஸ்டார் எடுத்தால் ஜீனி என்று ஒருவர், நமக்காக இடம் பிடிப்பது, கூட்டிப்போவது எல்லாம் அவர் பொறுப்பு. சீ வகுப்பில் இருப்பவர்களுக்கு சூட் உணவகம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். "சூட் எடுத்திருக்கிறேன்" என்று சொன்னால் போதாது, எந்த சூட் என்று கேட்க வேண்டும். அவர்களுடைய பல கப்பல்களில் சூட்கள் பல தளங்களில் சிதறிக் கிடக்கும், ஆனால் ஆசியாவுக்காக 2019-ல் கட்டிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் கப்பலில் தங்கம், வெள்ளி என்று பெயர் வைத்து, தனி லிஃப்ட், தனி உணவகம் எல்லாம் போட்டு ஒரே இடமாகக் கட்டினார்கள். சிங்கப்பூரில் இருந்து மகன் குடும்பத்தோடு அதில் போனோம், அம்மா நாலு நாளும் அந்த லிஃப்டைத் தவிர வேறு லிஃப்டில் ஏறவில்லை. செலிப்ரிட்டி கம்பெனி 2018-ல் எட்ஜ் கப்பலோடு கொண்டுவந்த ரிட்ரீட்டும் பார்த்தேன், சாப்பாடும் அமைதியும் அருமை, மாடியில் அவர்களுக்கென்று தனிக் குளமும் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே கதவுக்குள் இல்லை.

பழைய கப்பல் முறை பிடித்தவர்களுக்கு குயின் மேரி 2. 2004-ல் ஓட ஆரம்பித்தது, சவுத்தாம்ப்டனில் இருந்து நியூயார்க்குக்கு ஏழு ராத்திரி. நானும் என் கணவரும் 2018-ல் போனோம். அதில் அறையை வைத்துத்தான் சாப்பாட்டு இடம். மேல்வகுப்புக்கு குயின்ஸ் கிரில், அதற்கு அடுத்தது பிரின்சஸ் கிரில், மற்றவர்களுக்கு பிரிட்டானியா. கிரிலில் ஒரு மேஜையை ஒதுக்கிவிட்டால் கடைசி நாள் வரை அது நம்முடையது, நேரம் மட்டும் நம் இஷ்டம். மேற்கே போகும்போது கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வைப்பதால் ஐந்து நாளுக்கு 25 மணி நேரம் கிடைக்கிறது. அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தை நாங்கள் தளத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசியே கழித்தோம். என் கணவரோடு நான் போன கடைசிக் கப்பல் அது. அதனால் அந்தக் கப்பலைப் பற்றி நான் நடுநிலையாகச் சொல்ல முடியாது, விட்டுவிடுகிறேன்.

பக்கத்திலேயே போய் வர நினைப்பவர்களுக்கு சிங்கப்பூரில் இருந்து கெண்டிங் டிரீம் இருக்கிறது, 2016-ல் கட்டியது. அதில் பேலஸ் என்று தனிப் பகுதி, தனிக் குளம், பட்லர் எல்லாம் உண்டு. இரண்டு ராத்திரி, மூன்று ராத்திரிப் பயணமாகக் கிடைப்பதால் முதல் தடவை போகிறவர்கள் இதில் ஆரம்பிக்கலாம். நம் நாட்டுக்குள் கோர்டீலியா கம்பெனியின் எம்ப்ரஸ். 1990-ல் கட்டிய கப்பல், 2021-ல் இருந்து இங்கே ஓடுகிறது, சென்னையில் இருந்து இலங்கைக்கும் போயிருக்கிறது. சூட் அறைகள் சில உண்டு, சுற்றி வளைத்த தனிப் பகுதியை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் நம்மவர்கள் சாப்பாடு நிம்மதியாகக் கிடைக்கும், ஜெயின் சாப்பாடு கூட உண்டு.

கப்பல் எத்தனை டன் என்று விளம்பரத்தில் போடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த டன் எடை இல்லை, கப்பலின் உள்ளே இருக்கிற கொள்ளளவின் கணக்கு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று ஒரு அளவு கிடைக்கும். ஐகான் ஆஃப் த சீஸ் 2,48,663 டன், அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 5,610 பேர், ஆளுக்கு 44 வருகிறது. குயின் மேரி 2 அதைவிட ரொம்பச் சின்னது, 1,49,215 டன், ஆனால் பயணிகள் 2,691 பேர்தான், ஆளுக்கு 55. பெரிய கப்பலில் இடம் அதிகம் என்று நினைத்தால் இப்படித்தான் தலைகீழாகப் போகும். நெரிசலான கப்பலில்தான் தனிப் பகுதிக்கு மதிப்பு கூடுகிறது, ஏற்கெனவே விசாலமான கப்பலில் அவ்வளவு தேவைப்படாது. சூட்டுக்குப் பணம் கட்டும் முன்னால் நான் முதலில் போடுகிற கணக்கு இதுதான்.

அப்புறம் அலையில் கப்பல் ஆடுகிற ஆட்டம். இதை ஏஜென்ட் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்துக் கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும், நுனி ஏறி இறங்கும், நடுத்தூண் பக்கம் ஒன்றும் தெரியாது. கப்பலும் அலையில் அப்படித்தான். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கத் தண்ணீருக்கடியில் துடுப்பு மாதிரி நீட்டி வைத்திருக்கிறார்கள், ஆனால் முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அது நிறுத்தாது. விலை கூடிய பகுதிகள் பலவும் முன்பக்கம் மேல் தளத்தில், அதாவது ஏற்றத்தின் நுனியில் இருக்கின்றன. தலைசுற்றல் உள்ளவர்கள் கப்பல் நடுவில், கீழ்த் தளத்தில், பாதி விலைக்கு ஒரு அறை எடுத்தால் நிம்மதியாகத் தூங்குவார்கள். என் மதினிக்கு நான் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், எங்கள் வீடு சைவம். சூட் உணவகம் சின்னது, சமையல் நல்ல சமையல், ஆனால் பட்டியல் சின்னதாக இருக்கும். பொது உணவகத்தில் தினம் ஒரு இந்தியச் சைவ அயிட்டம் இருக்கும் கப்பலில் கூட சூட் உணவகத்தில் அது இருக்காது, முதல் நாள் ராத்திரியே சொல்லிவைக்க வேண்டும். ஒரு கப்பலில் அம்மா மூன்று நாளாக ரொட்டியும் பழமுமாகச் சாப்பிடுவதைப் பார்த்து பட்லர் பையன் தலைமைப் பரிசாரகரைக் கூட்டிவந்துவிட்டான். என்ன வேண்டும் என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை, "சொதி" என்றாள். முதல் பால், இரண்டாம் பால் தனித்தனியாக எடுக்க வேண்டும், பாசிப்பருப்பை வேகவைக்க வேண்டும், காய்கறியை இரண்டாம் பாலில் வேகவிட வேண்டும், முதல் பால் ஊற்றின பிறகு கொதிக்க விடவே கூடாது, இறக்கிய பிறகு இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் என்று அவள் தமிழில் சொல்ல நான் இங்கிலீஷில் சொன்னேன். சமையலறையில் கோவாக்காரர் ஒருவர் இருந்தார், தேங்காய்ப் பால் தெரிந்த கை. மறுநாள் மத்தியானம் வந்தது. முருங்கைக்காய் கிடையாது, மற்றபடி சொதிதான். அம்மா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள், பக்கத்து மேஜை ஸ்காட்லாந்து அம்மாவும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தார். பத்துப் பதினைந்து மேஜை உள்ள இடத்தில்தான் இது நடக்கும், ஆயிரம் பேர் பந்தியில் யார் யாரைப் பார்ப்பார்கள்? சூட் பகுதியின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

கசப்பும் உண்டு. ஒரு கப்பலில், பெயர் வேண்டாம், எனக்கும் அம்மாவுக்கும் சூட், பேரப்பிள்ளைகளுக்கும் அவர்கள் அப்பா அம்மாவுக்கும் சாதாரண அறை என்று எடுத்துவிட்டோம், செலவு மிச்சம் என்று. வாசலில் பிள்ளைகளின் கார்டு வேலை செய்யவில்லை. விதி அப்படி, அந்தப் பகுதியில் தங்குபவர்களுக்கு மட்டும்தான் உள்ளே இடம். ஆறு வயதுப் பேத்தி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "ஆச்சி, நீங்க வெளிய வாங்க" என்றாள். அம்மா அதற்குப் பிறகு லவுஞ்சுக்குப் போகவே இல்லை, ஏழு நாளும் பொதுத் தளத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். கட்டிய பணம் பாதி வீண். குடும்பமாகப் போகிறவர்கள் ஒன்று எல்லோரும் உள்ளே இருங்கள், இல்லை எல்லோரும் வெளியே இருங்கள். இதை முன்கூட்டியே சொல்ல ஏஜென்டுக்கு வாய் வரவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

பணம் பற்றிக் கொஞ்சம். நான் கட்டியவரை சூட் பகுதி பால்கனி அறையைப் போல இரண்டு பங்கில் இருந்து மூன்று பங்கு வரை. சில கம்பெனிகளில் மதுவும் இணையமும் சேர்ந்தே வரும், குடிக்காத நமக்கு அதில் பாதி லாபம் இல்லை. கடைசி நேரத்தில் ஏலம் கேட்டு அறையை உயர்த்திக்கொள்ளும் முறை இப்போது பல இடத்தில் இருக்கிறது, அதில் போடுகிற தொகை ஆளுக்கு, அறைக்கு இல்லை, பார்த்துப் போடுங்கள். பட்லருக்கு டிப்ஸ் தனியாகக் கொடுக்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், தினப்படிக் கட்டணத்தில் அவர் பங்கு இல்லாத கப்பலும் உண்டு.

இதையெல்லாம் எழுதும்போது, கப்பலில் இத்தனை வகுப்பு எதற்கு, பணக்காரனுக்குத் தனி வாசலா என்று சிலர் கேட்பார்கள் என்று தெரியும். கப்பலில் வகுப்பு புதிதல்ல. வ.உ.சி. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கி வாங்கிய காலியா கப்பலிலேயே 42 பேருக்கு முதல் வகுப்பு, 24 பேருக்கு இரண்டாம் வகுப்பு, 1,300 பேருக்குச் சாதாரண இடம். அம்மாவின் தாத்தா தூத்துக்குடியில் இருந்து கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனது தளத்து டிக்கெட்டில்தான், பாயும் கட்டுச்சோறும் கையில். சுற்றுலாக் கப்பல் காலம் வந்தபோது வகுப்புகள் கிட்டத்தட்ட மறைந்து எல்லோரும் ஒரே பந்தி என்று ஆனது, இப்போது திரும்பி வருகிறது. எனக்கும் அதில் நெருடல் இருக்கிறது. ஆனால் நடக்க முடியாத 84 வயதுக்காரி நூற்றுக்கணக்கான பேரோடு வரிசையில் நிற்காமல் கப்பல் ஏறவும், துறைமுகம் இல்லாத ஊரில் சிறு படகுக்கு முதலில் இறங்கவும் அந்தத் தனி வாசல்தான் வழி விடுகிறது. அந்த வசதி வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள் எல்லோருக்கும் எந்த அறையில் இருந்தாலும் கிடைக்க வேண்டும், கம்பெனிகள் அதைச் செய்தால் சூட் எடுக்க எனக்குப் பாதிக் காரணம் போய்விடும், சந்தோஷமாகச் சாதாரண அறையில் போவேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை. 2011-ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பயணிகள் கப்பல் ஓடியது, சில மாதத்தில் நின்றுவிட்டது. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் தொடங்கினார்கள். நாங்கள் சென்னையில் கப்பல் ஏற வேண்டும் என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. பாளையங்கோட்டையில் இருந்து தூத்துக்குடி ஒரு மணி நேரம். பெரிய துறைமுகம் இருக்கிறது, வ.உ.சி. பெயரும் இருக்கிறது. வெயில் படாத ஒரு கூடம், நாலு சக்கர நாற்காலி, கழிப்பறை, கப்பல் வரை கூரை போட்ட பாதை, இவ்வளவு இருந்தால் வருஷத்துக்கு இரண்டு மூன்று கப்பலாவது வந்து போகச் சொல்லிக் கேட்க முடியாதா? உங்கள் தூத்துக்குடி நிருபர் துறைமுகத்தில் விசாரித்து எழுதினால் எங்கள் மாதிரி ஆட்களுக்குப் பெரிய உதவி.

அடுத்த பயணம் மார்ச்சில், சிங்கப்பூரில் இருந்து. அறை இன்னும் முடிவாகவில்லை. தளப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து அம்மா கட்டிலில் விரித்து வைத்திருக்கிறேன். "இதுல வாசல் எங்க, லிஃப்ட் எங்க, சாப்பாடு எங்க?" என்று கேட்கிறாள், நான் அவள் விரலைப் பிடித்து ஒவ்வொன்றின் மேலும் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை